சடுகுடு கலாசாலைக்குப் போன கதை

ஓசூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சிறிது தூரம் போனால் ஜூஜூவாடி வரும். அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. இரண்டுக்கும் நடுவே தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் ஆரம்பமாகிறது. ஆனால் பூமியில் கோடு ஒன்றும் கிழித்திருக்கவில்லை. மண்ணின் நிறம் இருபுறமும் ஒன்றே. வேப்பமரத்து நிழலும் ஒன்றே. ஜனங்கள் பேசும் பாஷையைக் கொண்டு எல்லையைக் கண்டுபிடிக்கலாம் என்று புறப்பட்டால் அதுவும் நடவாத காரியம். ஒரே தெருவில் முதல் வீட்டில் தமிழும், அடுத்த வீட்டில் தெலுங்கும், மூன்றாவது வீட்டில் கன்னடமும் பேசுகிற பிரதேசம் இது.

ஆனால், மாலை வேளையில் இங்கே ஏதேனும் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பையன் குதிகாலால் மண்ணில் குறுக்கே ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோட்டைப் பற்றி எவருக்கும் சந்தேகம் கிடையாது. இப்புறம் ஏழு பேர், அப்புறம் ஏழு பேர். ஒருவன் மூச்சை இழுத்துக் கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறான். தமிழ் வீட்டுப் பிள்ளையானால் "சடுகுடு, சடுகுடு" என்பான். தெலுங்கு வீட்டுப் பிள்ளையின் வாயில் அதுவே "செடுகுடு" ஆகும். கன்னட வீட்டுப் பிள்ளை "கபடி, கபடி" என்பான். பாட்டு மூன்று, மூச்சு ஒன்று. எல்லைப்புறத்தில் உபாத்தியாயர் தொழில் பார்க்கிற நாம், தேசிய ஒற்றுமையைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். இந்த மைதானம் நடத்துகிற பாடத்துக்கு அவை ஈடாகா.

இந்தத் தெருப்புழுதி ஆட்டம் இன்று கலாசாலை ஆட்டமாகிவிட்டது. சர்வகலாசாலைகள் இதற்குப் பந்தயம் நடத்துகின்றன. சர்க்கார் இதற்கு ஸ்தானம் ஒதுக்குகிறது. தொலைக்காட்சியில் கோடிக்கணக்கான ரூபாய் இதைச் சுற்றிப் புரள்கிறது. சந்தோஷமான செய்திதான். ஆனால் ஆட்டம் மேலே ஏறிப் போகும்போது அதை வளர்த்த பிள்ளைகளும் கூடவே ஏறுகிறார்களா? அதைத்தான் இந்த வாரம் சற்று விசாரிக்க விரும்புகிறோம்.

பழைய கதை

கலாசாலை என்றால் கிரிக்கெட், டென்னிஸ், ஹாக்கி என்று ஒரு காலம் இருந்தது. வெள்ளைச் சராயும், கோடு போட்ட மேல்சட்டையும், மாலையில் தேநீரும் சேர்ந்ததுதான் விளையாட்டு. சடுகுடு ஆடுகிறவனுக்கு வேண்டியது இடுப்பில் ஒரு துணியும் நெஞ்சில் ஒரு மூச்சுமே. ஆகையால் அது விளையாட்டு அல்ல, ஊர்ப்பிள்ளைகளின் குறும்பு! காலணாச் செலவில்லாத காரியத்துக்குக் கௌரவம் ஏது?

இந்த எண்ணத்தை மாற்றியதில் தேசிய இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சுதேசித் துணி வேண்டும், சுதேசிக் கல்வி வேண்டும் என்று சொன்னவர்கள் சுதேசி விளையாட்டும் வேண்டும் என்று சொல்லத் தலைப்பட்டார்கள். மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும் இருந்த தேகப்பயிற்சி சங்கங்கள், ஊருக்கு ஒரு விதமாக இருந்த ஆட்டத்துக்கு ஒரே விதமான விதிகளை வகுக்க முன்வந்தன. 1923-இல் அந்த விதிகளை வைத்து அகில இந்தியப் பந்தயம் ஒன்று நடந்தது. மகாராஷ்டிரத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு, நம்மிடத்தில் சடுகுடு. இவையெல்லாம் ஒரே ஆட்டந்தான் என்று தேசத்துக்குத் தெரியவந்தது அப்பொழுதுதான்.

சென்னையில் வேறொரு காரியம் நடந்தது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையை ஸ்தாபித்தார். அதன் பிறகு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கென்று பயிற்சி பெற்ற உபாத்தியாயர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் மெல்ல மெல்ல வேரூன்றியது. ஊதலும் விதிப்புத்தகமும் கையில் வைத்திருக்கும் 'டிரில் மாஸ்டர்' இல்லாமல் எந்த ஆட்டமும் கலாசாலை வாசலை மிதித்திராது.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்த சமயத்தில், அமராவதியைச் சேர்ந்த அனுமான் வியாயாமப் பிரசாரக மண்டலியார் அங்கே சென்று நம் நாட்டு விளையாட்டுகளை ஆடிக் காட்டினார்கள். 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்திய ஒலிம்பிக் பந்தயங்களில் கபடிக்கு இடம் கிடைத்தது. சுதந்திரம் வந்த பின் 1950-இல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் பிறந்தது. ஆண்களுக்கான முதல் தேசியப் பந்தயம் 1952-இல் நமது சென்னையிலேயே நடந்தது. பெண்களுக்கான முதல் தேசியப் பந்தயம் 1955-இல் கல்கத்தாவில் நடந்தது. பெண்கள் மூன்றே வருஷம்தான் பின்தங்கினார்கள்! வேறு எத்தனையோ விளையாட்டுகளில் இந்த இடைவெளி அரை நூற்றாண்டாக இருந்ததை நினைத்தால் இது பெருமைப்படத்தக்க விஷயம்.

பிறகு வந்தது 1961. அந்த வருஷத்தில்தான் சர்வகலாசாலைகளின் விளையாட்டு ஸ்தாபனம் கபடியைத் தன் பந்தயங்களில் சேர்த்துக்கொண்டது. மறு வருஷம் பள்ளிக்கூடப் பந்தயங்களிலும் அது சேர்ந்தது. 1971-இல் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம் கபடிப் பயிற்சியாளர்களுக்கு முறையான படிப்பை ஏற்படுத்தியது. இவற்றுள் 1961-ஐயே நாம் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம். அதுவரையில் 'படிக்கிற பிள்ளை' என்றும் 'சடுகுடு ஆடுகிற பிள்ளை' என்றும் வீடுகளில் இரண்டு ஜாதி இருந்தது. அந்த வருஷத்திலிருந்து ஒரே பிள்ளை இரண்டாகவும் இருக்கலாம் என்று ஆயிற்று.

மூச்சும் கடிகாரமும்

வாசகர்களில் பலர் இளம் பிராயத்தில் ஆடியிருப்பீர்கள். இன்றைய கலாசாலை ஆட்டம் எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ளது. பெண்களுக்கு 12 மீட்டரும் 8 மீட்டரும். பாடிப் போகிறவர், எதிர்க் களத்தில் நடுக்கோட்டிலிருந்து, ஆண்கள் களமானால் 3.75 மீட்டர், உள்ளே இருக்கும் ஒரு கோட்டையாவது தாண்டியாக வேண்டும்; வெறுமனே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் இன்னொரு கோடு. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது அதைத் தொட்டுத் தாண்டினால் உபரியாக ஒரு புள்ளி. தொடப்பட்டவர் வெளியே போவார். பிடிபட்டவரும் வெளியே போவார். எதிரி ஒருவர் வெளியேறினால் நம்மவர் ஒருவருக்கு உயிர் வரும். இறந்தவரை எழுப்பும் இந்த ஏற்பாட்டுக்கு முன்னோர் வைத்த பெயர் சஞ்சீவனி. எதிரணி முழுவதையும் காலி செய்தால் அதற்கு மேல் இரண்டு புள்ளிகள்.

பழைய ஆட்டத்தில் மூச்சு ஒன்றே அளவு. மூச்சு அறுந்தால் ஆள் அறுந்தான். மத்தியஸ்தர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். இப்பொழுது மூச்சோடு கடிகாரமும் சேர்ந்துகொண்டது. ஒருவர் பாடிப் போய்த் திரும்ப 30 வினாடிதான் அவகாசம். ஊருக்கு ஒரு பாட்டு இருந்தது போய், எல்லாரும் 'கபடி' என்றே சொல்ல வேண்டும் என்பது சட்டம். வகைவகையான பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் கொஞ்சம் வருத்தந்தான். ஆனால், காஷ்மீரத்துப் பிள்ளையும் கன்னியாகுமரிப் பிள்ளையும் ஒரு களத்தில் நிற்க வேண்டுமானால் ஏதாவது ஒரு சொல்லுக்கு இருவரும் இணங்கித்தானே ஆக வேண்டும்?

கலாசாலைப் பிள்ளைக்கு இது ஓர் ஏணி. முதலில் கலாசாலைகளுக்கிடையே பந்தயம். கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள கலைக் கலாசாலைகள், 1997-இல் சேலத்தில் ஏற்பட்ட பெரியார் சர்வகலாசாலையைச் சேர்ந்தவை. அந்தப் பந்தயங்களில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி எடுத்துச் சர்வகலாசாலைக் கோஷ்டி அமைப்பார்கள். அந்தக் கோஷ்டி தென்மண்டலப் பந்தயத்துக்குப் போகும். எல்லைக்கு அப்பாலுள்ள கர்நாடகப் பிள்ளைகளை நம் பிள்ளைகள் சந்திப்பது அங்கேதான். மண்டலத்தில் முன்னணியில் வருகிறவர்கள் அகில இந்தியப் பந்தயத்துக்குப் போவார்கள். 2020-இல் மத்திய சர்க்கார் 'கேலோ இந்தியா' என்ற பெயரில் சர்வகலாசாலைகளுக்குத் தனி விளையாட்டு விழாவும் தொடங்கியது. அதன் இரண்டாவது விழா 2022-இல் பெங்களூரில், அதாவது ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாண தூரத்தில், நடைபெற்றது. நம் ராஜ்யத்து முதலமைச்சர் கோப்பைப் பந்தயங்களிலும் கலாசாலைக் கபடிக்குத் தனிப் பிரிவு உண்டு.

ஏணியின் உச்சியில் இருப்பது என்ன என்பதும் தெரிந்ததுதான். 1990-இல் பீகிங் ஆசிய விளையாட்டில் கபடிக்குப் பதக்கம் ஏற்பட்டது முதல் 2014 வரையில் ஆண்களுக்கான தங்கம் ஒவ்வொரு முறையும் இந்தியாவுக்கே வந்தது. தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி என்ற சிறு கிராமத்தில் பிறந்த கணேசன் 1994-இல் ஹிரோஷிமாவில் அத்தகைய கோஷ்டியில் ஆடி, மறு வருஷத்துக்குரிய அர்ஜுனா விருதையும் பெற்றார். 2018-இல் ஈரான் தேசத்தார் ஆண்கள் ஆட்டத்திலும் பெண்கள் ஆட்டத்திலும் நம்மை வென்று தங்கத்தைக் கொண்டுபோனார்கள். 2023-இல் ஹாங்சௌ நகரில் இரண்டையும் திரும்பப் பெற்றோம். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் கோஷ்டியில் சென்னைக் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா உபதலைவியாக நின்றாள்.

இன்னொரு தேசத்தின் கதை

இந்த இடத்தில் வாசகர்களைக் கடல் கடந்து சற்று அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஏனெனில், ஒரு நாட்டார் ஆட்டம் கலாசாலை ஆட்டமாக மாறும்போது என்னென்ன நேரக்கூடும் என்பதற்கு அங்கே ஒரு கதை இருக்கிறது.

வட அமெரிக்காவில் லாக்ராஸ் என்று ஓர் ஆட்டம். நுனியில் சிறு வலை கட்டிய நீண்ட கோல். அந்த வலையிலே பந்தை ஏந்தி ஓடி, ஒருவருக்கொருவர் வீசி, எதிரியின் வாசலுக்குள் எறிய வேண்டும். வெள்ளைக்காரர் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அங்கிருந்த ஆதிகுடிகள் ஆடிவந்த ஆட்டம் இது. தங்களை ஹௌதனோசௌனி என்று அழைத்துக்கொள்ளும் மக்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. சிருஷ்டிகர்த்தாவை மகிழ்விப்பதற்காகவும் நோயாளியின் சுகத்துக்காகவும் ஆடுவது. பிரெஞ்சுப் பாதிரிமார் இதற்கு 'லாக்ராஸ்' என்று பெயரிட்டார்கள்.

மான்ட்ரீல் நகரத்துப் பல்வைத்தியர் ஜார்ஜ் பியர்ஸ் என்பவர் 1867-இல் இதற்கு விதி எழுதினார். சங்கங்கள் ஏற்பட்டன. 1876-இல் ஆதிகுடிகளின் கோஷ்டி ஒன்றை இங்கிலாந்துக்கு அழைத்துப்போய், விக்டோரியா ராணியின் முன்னிலையில் ஆடிக் காட்டச் செய்தார்கள். 1877-இல் நியூயார்க் சர்வகலாசாலை கோஷ்டி அமைத்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல கலாசாலைகள். ஸ்காட்லாந்தில் செயின்ட் லெனர்ட்ஸ் என்ற பெண்கள் பாடசாலை 1890-இல் பெண்களின் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது. அமெரிக்கக் கலாசாலைகளின் தேசியப் பந்தயம் ஆண்களுக்கு 1971-இலும் பெண்களுக்கு 1982-இலும் ஆரம்பமாயிற்று. இன்று அங்கே நூற்றுக்கணக்கான கலாசாலைகள் இதை ஆடுகின்றன. 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இதற்கு இடம் உண்டு.

இதுவரை கேட்கும்போது நமது கபடியின் சரித்திரம் போலவே இருக்கிறதல்லவா? ஆனால் ஒரு வித்தியாசம். விதி எழுதி, சங்கம் வைத்து, ஆட்டம் கௌரவம் அடைந்ததும், 1880-இல் கனடாவின் சங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆதிகுடிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள்! சொன்ன காரணம் மிகவும் நாகரிகமானது. தூர ஊர்களுக்குப் பிரயாணம் செய்து ஆட அந்த ஏழைகள் பணம் வாங்கிக்கொண்டார்களாம். ஆகையால் அவர்கள் கூலிக்கு ஆடுகிறவர்களாம். கௌரவமாகப் பொழுதுபோக்க ஆடுகிற கனவான்களோடு அவர்களைச் சேர்க்கலாகாதாம். வீட்டைக் கட்டியவன் திண்ணையில் நிற்க, விருந்தாளி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்ட கதை!

நூறு வருஷங்களுக்குப் பிறகு, 1983-இல், ஹௌதனோசௌனியர் தங்கள் சொந்தத் தேசியக் கோஷ்டியை அமைத்துச் சர்வதேச அரங்கில் இடம் கேட்டுப் பெற்றார்கள். ஆயினும் 2010-இல் இங்கிலாந்தில் உலகப் பந்தயம் நடந்தபோது, அவர்கள் கொண்டுவந்த சொந்த பாஸ்போர்ட்டுகளை அந்த நாட்டு சர்க்கார் ஏற்காததால் ஆட முடியாமல் போயிற்று. நல்ல முடிவும் ஒன்று உண்டு. அமெரிக்கக் கலாசாலை ஆட்டக்காரர்களில் மிகச் சிறந்தவருக்குக் கொடுக்கும் விருதுக்கு மோஹாக் பாஷையில் ஆட்டத்துக்குரிய பெயரையே 'டெவாராட்டன்' என்று வைத்திருக்கிறார்கள். 2014-இல் அந்த விருதை லைல், மைல்ஸ் தாம்ஸன் என்ற இரு சகோதரர்கள் சேர்ந்து பெற்றார்கள். இருவரும் ஹௌதனோசௌனியரைச் சேர்ந்த ஓனண்டாகா குடியினர். ஆல்பனி சர்வகலாசாலையின் மாணவர்கள். அடைத்த கதவைக் கலாசாலையே திறந்துவிட்டது என்று சொல்லலாம்.

'நம் தேசத்தில் யாரும் யாரையும் விலக்கவில்லையே!' என்று கேட்பீர்கள். வாஸ்தவம். தீர்மானம் போட்டு யாரும் விலக்கவில்லை. தீர்மானம் போடாமலே விலக்கும் வழிகளும் உண்டு. நமது மாணவி ஒருத்தியின் கதையைச் சொன்னால் விளங்கும்.

அளவு பெரிதான ஜோடு

அவள் பெயர் இங்கே வேண்டாம். அஞ்செட்டி மலைப்பக்கத்தைச் சேர்ந்த பெண். தகப்பனார் கருங்கல் உடைக்கும் வேலை பார்க்கிறார். தாயார் வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்பும் ஒரு பசுமைக் குடிலில் பூப்பறிக்கப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் நம்மிடம் படிக்கும்போதே அந்தப் பெண்ணின் மூச்சு எங்கள் மைதானத்தில் பிரசித்தம். பாடிக்கொண்டு போனால் எதிரிக்குத்தான் மூச்சு வாங்கும். பள்ளி முடித்து ஒரு கலைக் கலாசாலையில் சேர்ந்தாள். அங்கே கபடிக்கு மண் களம் ஒன்று உண்டு. சாயங்காலம் பெண்களே தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி, கோடு இழுத்து ஆடுவார்கள்.

சென்ற வருஷத்தில் கலாசாலைகளுக்கிடையே நடந்த பந்தயத்தைப் பார்க்க நாமும் போயிருந்தோம். ஆட்டம் மண்ணில் அல்ல; 'மேட்' என்று பிள்ளைகள் சொல்லும் ரப்பர் விரிப்பில். பெரிய பந்தயங்களெல்லாம் இப்பொழுது அதன் மேல்தான் நடக்கின்றன. விழுந்தால் அடி படாது என்பது அதன் நன்மை. ஆனால் அதில் வெறுங்காலோடு ஆட முடியாது. தனி ஜோடு வேண்டும். மண்ணில் விரலை ஊன்றிப் பழகிய காலுக்கு விரிப்பின் பிடிமானம் வேறு. திரும்புகிற விதம் வேறு. பாய்கிற தூரம் வேறு. விரிப்பில் தினமும் பழகுகிற பெண்களுக்கு அது வீட்டு முற்றம். நம் பெண்களுக்கோ அந்நிய பூமி.

நம் மாணவியின் கோஷ்டியில் ஏழு பேருக்கு நாலே ஜோடி ஜோடு சொந்தமாக இருந்தது. மற்றவை இரவல். இவள் காலில் இருந்தது ஓர் அளவு பெரியது. முனையில் துணி வைத்து அடைத்திருந்தாள். கடைசி நிமிஷத்தில் இரு தரப்பும் சமம். இவள் பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டும்விட்டாள். திரும்பிப் பாய்ந்தபோது ஜோட்டுக்குள் கால் வழுக்கிற்று. நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இப்பால் கை. அதற்குள் மேலே நாலு பேர். ஆட்டம் போயிற்று.

அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அழவில்லை. ஜோட்டைக் கழற்றி உரியவளிடம் கொடுத்து, "நன்றி அக்கா" என்றாள். பிறகு நம்மைப் பார்த்து, "மண்ணாயிருந்தா வந்திருப்பேன், ஸார்" என்றாள். அவ்வளவுதான்.

தேர்வாளர்கள் கண்ணில்லாதவர்கள் அல்லர். தோற்ற கோஷ்டியிலிருந்தும் அவளைச் சர்வகலாசாலைக் கோஷ்டிக்குப் பொறுக்கி எடுத்தார்கள். ஆனால் சங்கடம் அதோடு தீரவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே நமக்குச் செய்தி அனுப்பினாள்: "அப்பா கம்பெனிக்குப் போகச் சொல்றார். நீங்க ஒரு தடவை வந்து பேசுங்க, ஸார்."

தகப்பனாரின் கேள்வி

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் இந்தப் பிரதேசம் தொழிலால்தான் தலைநிமிர்ந்திருக்கிறது. மோட்டாரும் கடிகாரமும் செய்த ஊரில் இப்பொழுது கைத்தொலைபேசியின் பாகங்களும் மின்சார வண்டிகளும் செய்கிறார்கள். இவற்றில் சில தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடித்து 18 வயது நிரம்பினால் வேலை. வீட்டுப் பக்கத்திலிருந்து வேன் வந்து அழைத்துப் போகிறது. இளம் பிராயத்திலேயே பெண்களுக்குக் கலியாணம் முடித்துவிடுகிற கொடுமை இன்னும் முற்றும் ஒழியாத ஜில்லா இது. ஒரு பெண் மாதம் பிறந்தால் சம்பளம் கொண்டுவருகிறாள் என்பது அந்தக் கொடுமைக்கும் ஒரு தடைதான். ஆகவே தொழிற்சாலையைத் தூற்றிப் பேச நாம் போகவில்லை.

தகப்பனார் நமக்குக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். கல் தூள் படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"வாத்தியாரய்யா, நீங்க சொன்னா நான் தட்டமாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். இவளுக்குக் கீழே ரெண்டு பொண்ணுங்க. வேன் வாசலுக்கு வருது. இந்தச் சடுகுடு என்ன குடுக்கும்?"

நமக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னோம். ராஜ்ய சர்க்கார் உத்தியோகங்களில் விளையாட்டு வீரர்களுக்கு நூற்றுக்கு 3 ஒதுக்கியிருப்பதைச் சொன்னோம். எஞ்சினீயரிங் படிப்பில் 500 இடங்கள் விளையாட்டுக்காரர்களுக்கு என்று ஒதுக்குவதைச் சொன்னோம். ரயில்வேயும் போலீஸும் கபடி ஆடுகிறவர்களை எடுத்துக்கொள்வதைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க ஐயா. ஆடறவங்க எத்தினி பேரு, கெடச்சவங்க எத்தினி பேரு?"

கணக்கு வாத்தியாரைக் கணக்கிலே மடக்கிவிட்டார். ஏணி உயரமானதுதான், ஆனால் மேலே போகப் போகப் படியின் அகலம் குறைகிறது. அதை மறைத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. "சொற்பப் பேர்தான்" என்றோம்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அப்பொழுது, அடுப்படியிலிருந்த தாயார் வாசற்படிக்கு வந்து நின்றாள். விரல்களில் ரோஜா முள் கீறிய தழும்புகள்.

"எனக்கும் மூச்சு நீளந்தான்" என்றாள். "இந்த ஊர்ப் பொட்டலிலே ஆம்பளப் பசங்களே என்னைப் பிடிக்க மாட்டாங்க. பதினஞ்சு வயசிலே கலியாணம் பண்ணிட்டாங்க. அன்னைக்கு விட்ட மூச்சு. இவ டிகிரி முடிக்கற வரைக்கும் பாடட்டுமே. அப்புறமும் வேன் வரத்தானே போகுது?"

தகப்பனார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷங்களில் அவருக்கும் இது புதுச் செய்தி போலும். "சரி, டிகிரி வரைக்கும்" என்றார்.

அந்தப் பெண் இன்று சர்வகலாசாலைக் கோஷ்டியில் ஆடுகிறாள். பட்டம் வாங்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது தகப்பனாரின் கேள்வியாகவே நிற்கிறது.

செய்ய வேண்டியது

கனடாவில் ஆதிகுடிகளைத் தீர்மானம் போட்டு விலக்கினார்கள். இங்கே ஓர் அளவு பெரிதான ஜோடும், கடைசிப் பஸ்ஸும், வாசலுக்கு வரும் வேனும் அதே காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிடக் கூடும். ஆனால் இவற்றுக்குப் பரிகாரம் கடினமானதன்று.

முதலாவது, விரிப்பு. ஒவ்வொரு கலாசாலைக்கும் ஒன்று வாங்க முடியாவிட்டால், ஒரு தாலுகாவிலுள்ள கலாசாலைகளும் பள்ளிகளும் பொதுவில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் அதன் மேல் கால் பழகினாலே அது அந்நிய பூமியாக இராது.

இரண்டாவது, தொழிற்சாலைகள். லாபத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று பெரிய கம்பெனிகளுக்கு 2013-இன் கம்பெனிச் சட்டம் விதித்திருக்கிறது. கிராம விளையாட்டுகளை வளர்ப்பதும் அந்தப் பொதுக் காரியங்களில் சேர்ந்ததே. ஜோடும் விரிப்பும் கேட்டால் இல்லை என்று சொல்ல நியாயமில்லை. அதோடு, கபடி ஆடிய பெண்ணுக்கு வேலை கொடுத்து, தொழிற்சாலையின் பெயரால் அவளை ஆடவும் விடலாம். அப்படிச் செய்தால் வேனும் சடுகுடுவும் ஒன்றுக்கொன்று விரோதிகளாக இருக்க வேண்டியதில்லை. தகப்பனாரின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் நமக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, சாயங்காலத்துப் பஸ். பயிற்சி முடிந்து மலைப்பக்கத்துப் பெண் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். கடைசிப் பஸ்ஸுக்காகப் பயிற்சியை விட்டு ஓடிய பெண்கள் எத்தனையோ பேரை நாம் அறிவோம். பஸ் வரும் நேரத்தை அரை மணி தள்ளிவைப்பது ஒரு கோஷ்டியைக் காப்பாற்றும்.

நாலாவது, வாசகர்களாகிய நீங்கள் செய்ய வேண்டியது. நம் மத்தியதர வீடுகளில் மகனுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கித் தருகிறோம். மகளுக்கு நாட்டியம் கற்பிக்கிறோம். கபடியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டுகிறோம். ஆனால் பக்கத்துக் கலாசாலையில் பெண்கள் ஆடும் பந்தயத்துக்கு எத்தனை பேர் போயிருக்கிறோம்? அன்று நாம் பார்த்த ஆட்டத்துக்குக் கூடியிருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த முறை குடும்பத்தோடு போங்கள். டிக்கெட் கிடையாது. கூட்டம் கூடுகிற இடத்தில் கௌரவம் தானே வரும். கௌரவம் வந்த இடத்துக்கு ஜோடும் வரும், பஸ்ஸும் வரும்.

அஞ்செட்டியிலிருந்து அன்று நாம் திரும்பியபோது மாலையாகிவிட்டது. ஊர்ப்பொட்டலில் அந்தப் பெண்ணின் தங்கைகள் இருவரும் வேறு சில குழந்தைகளோடு காலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். நாம் பஸ் நிற்குமிடம் போய்ச் சேரும் வரையில் அந்தக் குரல் அறாமல் கேட்டுக்கொண்டிருந்தது.